பூமியின் வெப்பக் கணக்கு

பூமியின் சராசரி வெப்பநிலையை எந்த ஒரு வெப்பமானியும் காட்டுவதில்லை. அது கணக்கிட்டுப் பெறும் எண். நிலத்தில் ஆயிரக்கணக்கான வானிலை நிலையங்களும் கடலில் கப்பல்களும் மிதவைகளும் தரும் அளவீடுகளைத் திரட்டி, பிழை களைந்து, ஒவ்வொரு பகுதிக்கும் அதன் பரப்பளவுக்குரிய பங்கைக் கொடுத்துச் சராசரி எடுக்கிறார்கள். உலகம் சூடாகிறது என்ற கூற்றை நம்பலாமா என்பது இந்தக் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பொறுத்தது.

இம்முயற்சியில் முன்னோடி ஜி. எஸ். காலெண்டர் என்ற பிரிட்டிஷ் பொறியாளர். நீராவிப் பொறியியல் அவருடைய தொழில். வானிலை ஆய்வு ஓய்வு நேரப் பணி. உலகெங்கும் உள்ள 147 நிலையங்களின் பதிவுகளைச் சேகரித்து, கணினி இல்லாத காலத்தில் கையாலேயே கணக்கிட்டு, அரை நூற்றாண்டில் நிலப்பகுதி சுமார் 0.3 டிகிரி செல்சியஸ் சூடாகியிருப்பதாக 1938இல் அறிவித்தார். நிலக்கரி எரிப்பதால் சேரும் கரியமில வாயுவே காரணம் என்றும் சொன்னார். அன்றைய வானிலை அறிஞர்கள் பெரும்பாலும் அதை ஏற்கவில்லை. இன்றைய கணினிகள் போடும் கணக்கோடு அவருடைய வரைபடம் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகிறது.

இந்தக் கணக்கின் உயிர்நாடி, நேரடி வெப்பநிலையை விட்டுவிட்டு விலகலைப் பார்ப்பது. மலை உச்சியில் இருக்கும் நிலையம் 15 டிகிரி காட்டும். சமவெளியில் இருப்பது 32 டிகிரி காட்டும். இவற்றை அப்படியே சேர்த்துச் சராசரி எடுத்தால், மலை நிலையத்தை மூடிய மறு ஆண்டே உலகம் சூடாகிவிட்டதுபோலத் தெரியும். அதனால் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு அடிப்படைக் காலத்தை எடுத்துக்கொண்டு, அந்த இடத்தின் வழக்கமான அளவிலிருந்து இந்த மாதம் எவ்வளவு கூடியது, எவ்வளவு குறைந்தது என்று மட்டும் பார்க்கிறார்கள். இந்த விலகல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்துக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். மலையில் வழக்கத்தைவிடச் சூடான மாதம் பெரும்பாலும் அடிவாரத்திலும் சூடான மாதம்தான். நிலையங்கள் குறைவாக உள்ள பகுதிகளுக்கும் மதிப்பிட முடிவது இதனால்தான்.

அடிப்படைக் காலம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அமெரிக்காவின் நாசா 1951 முதல் 1980 வரை உள்ள ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது; தொழிற்புரட்சியின் முழு விளைவுக்கு முந்தைய நிலையைக் குறிக்க 1850 முதல் 1900 வரை உள்ள காலம் பயன்படுகிறது. ஒரே ஆண்டுக்கு இரண்டு செய்தித்தாள்கள் வெவ்வேறு எண்களைத் தந்தால், அடிப்படைக் காலம் ஒன்றுதானா என்று முதலில் பார்க்க வேண்டும். அடிப்படையை மாற்றினால் கோடு முழுவதும் மேலேயோ கீழேயோ நகரும்; அதன் சாய்வு மாறாது.

பழைய அளவீடுகளை விஞ்ஞானிகள் திருத்துகிறார்கள் என்பது அடிக்கடி எழும் குற்றச்சாட்டு. திருத்துவது உண்மை, காரணமும் வெளிப்படையானது. முற்காலக் கப்பல்களில் கேன்வாஸ் வாளியில் கடல்நீரை மொண்டு, மேல்தளத்துக்கு இழுத்து, அதில் வெப்பமானியை வைத்தார்கள். இழுக்கும் நேரத்தில் நீர் ஆவியாகிச் சற்றே குளிர்ந்துவிடும். பின்னாளில் எஞ்சினைக் குளிர்விக்க உள்ளே எடுக்கும் நீரை அளந்தார்கள். அது சற்றே சூடாக இருக்கும். இந்த வேறுபாட்டைச் சரிசெய்யாமல் விட்டால், கடல் உண்மையில் சூடானதைவிட அதிகமாகச் சூடானதுபோலத் தோன்றும். திருத்தங்கள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், நூற்றாண்டுக் கணக்கிலான வெப்ப உயர்வு குறைந்திருக்கிறதே தவிர கூடவில்லை. இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது. பழைய கணக்குகளில் ஐயம் கொண்டிருந்த இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர், பெர்க்லி எர்த் என்ற குழுவை அமைத்து எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட்டார். மற்றவர்கள் கண்ட அதே உயர்வுதான் அவருக்கும் கிடைத்தது. 2012இல் அதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டார்.

கோடு நேராக ஏறுவதில்லை. 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினாடுபோ எரிமலை வெடித்தபோது, வளிமண்டலத்தின் உயரத்தில் பரவிய துகள்கள் சூரிய ஒளியைத் தடுத்ததால் அடுத்த ஆண்டு உலகம் சுமார் அரை டிகிரி குளிர்ந்தது. எல் நினோ ஆண்டுகளில் பசிபிக் கடலின் வெப்பம் வெளிப்பட்டு வளிமண்டலம் சூடாகும். லா நினாவில் அது தணியும். இந்த ஊசலாட்டத்தின் காற்றழுத்தப் பக்கத்தைக் கண்டுபிடித்தவர் இந்திய வானிலைத் துறையின் தலைவராக 1904இல் பொறுப்பேற்ற கில்பர்ட் வாக்கர். பருவமழையை முன்கூட்டிச் சொல்ல வழி தேடி, உலகெங்கிலுமிருந்து வந்த பதிவுகளை இந்திய எழுத்தர்களைக் கொண்டு கணக்கிட வைத்தபோது கிடைத்த முடிவு அது.

இந்த ஏற்ற இறக்கங்களுக்கு நடுவே போக்கைக் கண்டறிய நீண்ட காலம் தேவை. ஓர் இடத்தின் காலநிலையைச் சொல்ல 30 ஆண்டுச் சராசரி வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் வழக்கம். இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு 1998 நல்ல சான்று. வலுவான எல் நினோவால் உச்சம் தொட்ட அந்த ஆண்டைத் தொடக்கமாக வைத்து 2012 வரை கோடு வரைந்தால், வெப்ப உயர்வு நின்றுவிட்டதுபோலத் தெரியும். அப்படித்தான் பலர் வரைந்தார்கள், பலர் நம்பினார்கள். தொடக்கத்தைச் சில ஆண்டுகள் முன்னே தள்ளினாலே அந்தத் தோற்றம் பெரிதும் கலைந்துவிடும். 2024 வரையிலான பதிவுகளில் மிகச் சூடான 10 ஆண்டுகளும் 2015 முதல் 2024 வரை உள்ளவையே. அந்தப் பட்டியலில் 1998க்கு இடமில்லை.

காரணத்தைக் காட்டும் தரவு ஹவாயில் இருக்கிறது. சார்லஸ் டேவிட் கீலிங் 1958 மார்ச்சில் மௌனா லோவா எரிமலைச் சரிவில், சுமார் 3,400 மீட்டர் உயரத்தில், காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சத்துக்குச் சுமார் 315 பங்கு. 2024இல் ஏறத்தாழ 424. அந்த வரைபடம் ரம்பப் பற்களைப்போல ஏறி இறங்கும். வட அரைக்கோளத்தின் கோடையில் தாவரங்கள் வாயுவை உள்ளிழுக்கின்றன, குளிர்காலத்தில் அது வெளியேறுகிறது. ஆனால் ஒவ்வொரு பல்லும் முந்தையதைவிட உயரம். அண்டார்டிகப் பனியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழ்கள் 8,00,000 ஆண்டுகளின் கதையைச் சொல்கின்றன. தொழில்யுகம் வரும்வரை இந்த அளவு 300ஐத் தாண்டியதே இல்லை.

கூடுதல் வாயு எங்கிருந்து வந்தது என்பதையும் தரவே சொல்கிறது. தாவரங்கள் எடை குறைந்த கார்பனை அதிகம் விரும்பி எடுக்கும். நிலக்கரியும் பெட்ரோலியமும் பழங்கால உயிரினங்களிலிருந்து உருவானவை. அவற்றை எரிப்பதால் காற்றில் எடை கூடிய கார்பன்-13இன் விகிதம் குறைந்துகொண்டே வருகிறது. சூரியன்தான் காரணம் என்றால் மேல் வளிமண்டலமும் சூடாக வேண்டும். செயற்கைக்கோள்கள் காண்பது நேர்மாறாக இருக்கிறது: கீழ்ப்பகுதி சூடாகிறது, மேலே உள்ள ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர்கிறது.

மேற்பரப்பு வெப்பமானிகளைச் சாராத சாட்சிகளும் உண்டு. கூடுதல் வெப்பத்தில் ஏறத்தாழ 90 சதவீதம் கடலுக்குள் போகிறது. சுமார் 4,000 ஆர்கோ மிதவைகள் 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலெழுந்து அதை அளக்கின்றன. 1993 முதல் செயற்கைக்கோள்கள் அளந்துவரும் கடல்மட்டம் சுமார் 10 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. அது உயரும் வேகமும் ஆண்டுக்குச் சுமார் 2 மில்லிமீட்டரிலிருந்து இருமடங்கைத் தாண்டிவிட்டது. ஆர்க்டிக் கடற்பனி செப்டம்பரில் பத்தாண்டுக்குச் சுமார் 12 சதவீதம் சுருங்குகிறது. ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி மலரும் நாள் 812ஆம் ஆண்டு முதல் நாட்குறிப்புகளில் இருக்கிறது. 2021இல் மார்ச் 26 அன்றே மரங்கள் முழுமையாகப் பூத்தன. அதுவரையிலான 1,200 ஆண்டுகளில் அதுவே மிக முந்திய நாள்.

சரியான தரவையும் படத்தில் மறைத்துவிட முடியும். செங்குத்து அச்சில் பூஜ்யம் முதல் 50 டிகிரி வரை குறித்தால் ஒரு டிகிரி உயர்வு கண்ணுக்கே தெரியாது. ஆனால் கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில் உலகம் தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட 5 முதல் 7 டிகிரிதான் குளிராக இருந்தது. வட அமெரிக்காவின் பெரும்பகுதியைப் பனி மூட அதுவே போதுமானதாயிற்று. அளவுகோலை இந்த உண்மைக்கு ஏற்ப அமைக்க வேண்டும். பிரிட்டிஷ் விஞ்ஞானி எட் ஹாக்கின்ஸ் 2018இல் பரப்பிய வெப்பப் பட்டைகள் அச்சையே கைவிட்டன. ஆண்டுக்கு ஒரு கோடு, குளிருக்கு நீலம், சூட்டுக்குச் சிவப்பு. எண்களைப் படிக்காதவருக்கும் அது புரிகிறது.

2024ஆம் ஆண்டின் வெப்பநிலை 1850–1900 சராசரியைவிடச் சுமார் 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு கணித்தது. பாரிஸ் உடன்படிக்கையின் 1.5 டிகிரி வரம்பு மீறப்பட்டுவிட்டதாக அதற்குப் பொருளில்லை. அந்த வரம்பு நீண்ட காலச் சராசரிக்கு உரியது. ஆனால் 20 ஆண்டுச் சராசரி எடுக்கக் காத்திருந்தால், கடந்த பிறகு பத்தாண்டு கழித்தே தெரியவரும். அதனால் கடந்த 10 ஆண்டுகளின் அளவீட்டோடு வரும் 10 ஆண்டுகளின் கணிப்பைச் சேர்ப்பது உள்ளிட்ட பல முறைகளைக் கையாளுகிறார்கள். அவற்றின்படி 2024இல் நீண்ட கால உயர்வு 1.34 முதல் 1.41 டிகிரி வரை.