வண்டியே வீடு – 6: பனி இறங்கும் மண், காற்று எழும் கரை

மார்கழி விடியற்காலை, மணி நாலரை. கணியம்பாடியில் எங்கள் தெருமுனையில் வேன் நிற்கிறது. நாலு எட்டு தள்ளி இருக்கும் புளியமரம் தெரியவில்லை. திருவண்ணாமலை சாலையில் போகும் லாரியின் சத்தம் கேட்கிறது, வெளிச்சம் வரவில்லை. பன்னிரண்டு பேருக்கு வேண்டிய அரிசி, அடுப்பு, தண்ணீர் டிரம், பாய் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. டிரைவர் அண்ணன் மட்டும் சாவியைத் தொடவில்லை.

"பனி கலையட்டும்மா. அதுக்குள்ள நைட்டு எங்க நிறுத்துறதுன்னு முடிவு பண்ணு. அது தெரிஞ்சாதான் எப்ப கெளம்பணும்னு தெரியும்."

முப்பது வருடம் டூரிஸ்ட் வேன் ஓட்டியவர். சபரிமலை, மேல்மருவத்தூர், வேளாங்கண்ணி என்று ஊர் ஊராய் ஜனங்களை ஏற்றிச் சென்றவர். எங்கே போகிறோம் என்பதைவிட எங்கே தங்குகிறோம் என்பதுதான் பயணத்தைத் தீர்மானிக்கிறது என்று இந்தப் பயணத்தில் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். பாலாற்றைப் பிடித்துக்கொண்டு கடல் வரை போவது எங்கள் திட்டம். கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து 348 கிலோமீட்டர் ஓடும் ஆறு இது. அதில் 222 கிலோமீட்டர் நம் மாநிலத்தில். அந்தக் கரையில் இரண்டு இரவு, கடற்கரையில் ஓர் இரவு.

பள்ளமா, மேடா?

வடகிழக்குப் பருவமழை நனைத்துவிட்டுப் போன மண்ணில் ஈரம் இருக்கும். மார்கழி இரவில் மேகமில்லாத வானத்துக்குக் கீழே தரை சீக்கிரம் குளிரும். தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகி, தண்ணீரைப் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதிலிருக்கும் ஈரம் துளித்துளியாகித் திரளும்போது மூடுபனி. ஜவ்வாது மலைச்சரிவு ஒருபக்கம், ஏரிகளும் நாகநதியும் ஒருபக்கம் என்று இருக்கும் எங்கள் ஊரில் பனி படுப்பதற்கு இதுவே காரணம். வறண்டுபோன நாகநதிக்கு உயிர் கொடுக்க எங்கள் பக்கத்துப் பெண்கள் நூறுநாள் வேலையில் நீர்செறிவுக் கிணறுகள் வெட்டினார்கள். அவர்களிடம் கேட்டால் எந்த மண்ணில் ஈரம் நிற்கும் என்று கைகாட்டிச் சொல்வார்கள்.

அண்ணன் சொல்லும் சோதனை இன்னும் எளிது. பொழுது சாயும்போது அக்கம்பக்கத்து அடுப்புப் புகையைப் பார்க்க வேண்டும். மேலே எழும்பிக் கலைந்தால் அங்கே நிறுத்தலாம். கொஞ்சம் எழும்பி, வயல்மேல் துணி விரித்ததுபோல் படுத்துக்கொண்டால் விடியும்போது அங்கேதான் பனியும் படுக்கும். காலையில் எட்டு மணி வரை வண்டியை எடுக்க முடியாது. அதனால் பள்ளத்தில் நல்ல நிழல் கிடைத்தாலும் விட்டுவிட்டு மேட்டுக்குப் போக வேண்டும். பனியில் நெடுஞ்சாலை ஓரத்தில் மட்டும் நிறுத்தவே கூடாது. பின்னால் வருகிறவருக்கு நம் வண்டி தெரியும்போது பிரேக் போட நேரம் இருக்காது.

ஆறும் தண்ணீரும்

பாலாற்று மணல் பார்ப்பதற்குப் பாய் விரித்ததுபோல் இருக்கும். பல வருடம் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் கிடந்த ஆறு 2021 நவம்பரில் இருகரையும் தொட்டு ஓடியதை வேலூர்க்காரர்கள் மறக்கவில்லை. 1903ல் வந்த வெள்ளம் வாணியம்பாடியையே அடித்துப் போனதைப் பெரியவர்கள் கதையாகச் சொல்வார்கள். வறண்ட ஆறு வழியை மறப்பதில்லை. கரைக்கு மேலேதான் நிறுத்த வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று தோல் பதனிடும் ஊர்கள் இந்தப் பள்ளத்தாக்கு நெடுக இருக்கின்றன. எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போடும் தொழில் அது. அதே தொழிலின் கழிவு கிணறுகளைக் கெடுத்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நாடு முழுவதும் சூழல் வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது. ஆனாலும் வழிப்போக்கருக்கு ஒரு கிணற்றின் நிலைமை தீர்ப்பைப் படித்துத் தெரியாது. அண்ணன் அந்தந்த ஊர்ப் பெண்களிடம் ஒரே கேள்வி கேட்பார்: "யக்கா, இந்தத் தண்ணில பருப்பு வேவுமா?"

உப்பும் கடினத்தன்மையும் ஏறிய நீரில் பருப்பு வேகாது. "வாணாம்பா, கேன் தண்ணி வாங்கிக்க" என்று பதில் வந்தால் அடுத்த ஊருக்கு வண்டி நகரும்.

முதல் இரவு ஆற்காட்டைத் தாண்டி ஒரு களத்துமேட்டில். இரண்டாம் இரவு திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். கோயிலில் வீரராஜேந்திர சோழனின் 11ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு இருக்கிறது. இங்கே மாணவர் விடுதி இருந்ததையும், பதினைந்து படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனை நடந்ததையும், அதற்கு மருத்துவரும் மருந்தும் ஏற்பாடு செய்ததையும் அது விவரமாகச் சொல்கிறது. ஊர்க்காரர்களிடம் கேட்டு, கோயிலுக்கு அப்பால் மேட்டில் வண்டியைப் போட்டோம். விடியும்போது மூன்று ஆறுகளின் மேலும் பனி. எங்கள் மேடு மட்டும் தீவுபோல் நின்றது.

கடற்கரை வேறு கணக்கு

வயலூருக்குப் பக்கத்தில் பாலாறு கடலில் சேர்கிறது. அருகே சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக் கோட்டை இருக்கிறது, பகலில் பார்க்கலாம். கல்பாக்கம் அணுமின் நிலையத்தை ஒட்டிய பகுதி இது, இரவு தங்கும் இடமல்ல. கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே போனால் கடப்பாக்கம், 1760ல் ஆங்கிலேயர் இடித்த ஆலம்பரைக் கோட்டை, சவுக்குத் தோப்புகள்.

நம் கடற்கரையில் பனி உள்நாட்டிலிருந்து வருகிறது. இரவில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று அதைக் கொஞ்சம் கொண்டுவரும். வெயில் ஏறியதும் கலைந்துவிடும். கலிபோர்னியாவில் இது தலைகீழ். அங்கே குளிர்ந்த கடல்நீர்மேல் வரும் ஈரக்காற்று கோடையில்தான் பனியாகிக் கரையேறுகிறது. மெண்டோசினோ கடற்கரையில் ஜூலையிலும் ஸ்வெட்டர் வேண்டும். நவாரோ ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக உள்ளே போனால் சுள்ளென்று வெயில். அதனால் வீட்டுவண்டியில் போகிறவர்கள் ஓர் இரவைக் கடலோரத்திலும் இன்னோர் இரவைப் பள்ளத்தாக்கின் ரெட்வுட் மரக் காட்டிலுமாகப் பிரித்து முன்பதிவு செய்கிறார்கள். அவர்கள் வெயிலைத் தேடி உள்ளே போகிறார்கள். நாம் பனியைத் தாண்டக் கடலுக்கு வருகிறோம்.

கடலோரத்தில் பார்க்க வேண்டியவை நாலு. மணலில் சக்கரம் இறங்காத கெட்டித் தரை. ஓதம் ஏறும் கோட்டுக்கு வெகு மேலே இருக்கும் இடம். தலைக்கு மேல் தென்னை இல்லாத இடம். குப்பத்துப் பெரியவர்களின் சம்மதம். வலையும் படகும் கிடக்கும் கரை அவர்களுடைய தொழிற்கூடம். தை, மாசியில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும். வெளிச்சம் அவற்றின் குஞ்சுகளைக் கடலுக்குப் பதில் சாலைப்பக்கம் இழுத்துவிடும். இருட்டியதும் கடல் பார்த்த விளக்குகளை நாங்கள் அணைத்துவிட்டோம்.

குளிருக்குப் பயந்து கண்ணாடியை முழுக்க ஏற்றி, என்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்குவது உயிருக்கு ஆபத்து. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டரிலிருந்து உள்ளே வந்த கார்பன் மோனாக்சைடு காரணம். அதற்கு வாசனை கிடையாது. அடுப்பு வெளியே, ஜன்னல் ஒரு விரற்கடை திறப்பு, என்ஜின் அணைப்பு: இந்த மூன்றில் அண்ணன் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

ஒரு திடல் வேண்டும்

இந்த மூன்று இரவிலும் என்னை உறுத்தியது வேறொன்று. எங்கள் வண்டியில் இருந்த அத்தையும் சின்னம்மாவும் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்கவில்லை. கேட்டதற்கு, "எங்க போறது?" என்று திருப்பிக் கேட்டார்கள். மாலை போட்டுக்கொண்டும் சிவப்பு கட்டிக்கொண்டும் ஒவ்வொரு மார்கழியிலும் வேனில் கிளம்பும் எத்தனையோ பெண்களின் கேள்வி அது.

வழிப்போக்கருக்குச் சத்திரம் கட்டி, சுமைதாங்கிக் கல் நட்டு, தண்ணீர்ப் பந்தல் வைத்த மண் இது. கேரளம் 2021ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்து, அடுத்த ஆண்டே வாகமணில் கேரவன் பூங்கா திறந்தது. நாம் கேட்பது சொகுசு அல்ல. தாலுகாவுக்கு ஒரு மேட்டுத் திடல். பருப்பு வேகும் தண்ணீர், பெண்களுக்குப் பூட்டக்கூடிய கழிப்பறை, ஒரு விளக்கு, ஒரு காவலர். கணியம்பாடியிலேயே தொடங்கலாம். தங்கக் கோயிலுக்கும் திருவண்ணாமலைக்கும் போகும் வண்டிகள் எங்கள் சாலையில் இரவெல்லாம் ஓடுகின்றன.

திரும்பும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் கழிப்பறை சுத்தமாக இருந்தது. அத்தை வெளியே வந்து முதல் வேலையாக ஒரு சொம்புத் தண்ணீர் வாங்கி முழுக்கக் குடித்தார். அண்ணன் தன் பழைய நோட்டை எடுத்து அந்த இடத்தைக் குறித்துக்கொண்டார்.

(அடுத்த வாரம்: அந்த நோட்டில் என்ன இருக்கிறது?)