பழைய மடிக்கணினியும் புதிய இயங்குதளமும்

பள்ளிகளிலும் களநிலையங்களிலும் இன்று பயன்படும் மடிக்கணினிகளுள் பல, எட்டு அல்லது பத்து ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பட்டவை. அவற்றின் திரை தெளிவாகவே இருக்கிறது; விசைப்பலகையும் பழுதின்றி இயங்குகிறது. எனினும், இனிப் பாதுகாப்புத் திருத்தங்கள் வழங்கப்படமாட்டா என்னும் அறிவிப்பு திரையில் தோன்றியவுடன், கருவியின் ஆயுளே முடிந்துவிட்டது எனப் பலர் கருதிவிடுகின்றனர். உண்மையில் காலாவதியானது அதனுள் இருக்கும் இயங்குதளமேயாகும். அதனை மாற்றிக்கொள்ள இயலும். ஆயின் அதற்கு முறையும் முன்னெச்சரிக்கையும் வேண்டும்.

இயங்குதளம் யாது?

பெரியதொரு ரயில் சந்திப்பில் எந்த வண்டி எந்தப் பாதையில் எப்பொழுது செல்லலாம் என்பதை நிலைய அதிகாரி ஒழுங்குபடுத்துகிறார். அவ்வாறே கணினியின் நினைவகம், வட்டு, திரை ஆகியவற்றை வெவ்வேறு நிரல்களுக்குப் பங்கிட்டுத் தரும் மென்பொருளே இயங்குதளம் எனப்படுகிறது. அதில் மறைந்துள்ள குறைகள் அவ்வப்போது வெளிப்படுகின்றன. தயாரிப்பாளர்கள் அவற்றுக்குத் திருத்தம் வெளியிடுகின்றனர். திருத்தம் நின்றுவிட்டால், அதன்பின் வெளிப்படும் ஒவ்வொரு குறையும் திறந்த வாயிலாகவே இருந்துவிடும்.

இதன் விளைவை 2017 மே மாதத்தில் உலகம் கண்டது. ‘வானாகிரை’ என்னும் தீநிரல் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் புகுந்து, கோப்புகளைப் பூட்டி, அவற்றை விடுவிக்கப் பணம் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைப் பணிகள் தடைப்பட்டன. நம் நாட்டில் கேரளப் பஞ்சாயத்து அலுவலகங்கள் சிலவற்றிலும் ஆந்திரக் காவல்துறையிலும் கணினிகள் பாதிக்கப்பட்டன. அக்குறைக்குரிய திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது என்பது கருதத்தக்கது. திருத்தத்தை ஏற்றுக்கொள்ளாத கணினிகளே பெரிதும் இரையாயின.

விண்டோஸ் 7-க்கான இலவசத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-இலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-இலும் முடிவுற்றன. ஆகவே, இவற்றைக் கொண்ட கணினிகளை வைத்திருப்போர் ஒரு முடிவுக்கு வருதல் அவசியம்.

முதற்பணி பதிவேடுகளைக் காப்பதே

புதிய இயங்குதளத்தை நிறுவும்போது பழைய வட்டு முழுவதும் அழிக்கப்படலாம். மாணவர் மதிப்பெண், மழையளவு, மண் ஆய்வு போன்ற பதிவுகள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் கிடைப்பது அரிது. எனவே, எல்லாக் கோப்புகளுக்கும் இரண்டு படிகள் எடுத்து, அவற்றுள் ஒன்றை வேறோர் இடத்தில் வைத்தல் வேண்டும். படி எடுத்தால் மட்டும் போதாது. வேறொரு கணினியில் சில கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். கடவுச்சொற்களைக் குறித்து வைத்தலும், வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருப்பின் அதன் மீட்புச் சாவியைப் பத்திரப்படுத்தலும் இன்றியமையாதவை. தமிழில் தட்டச்சு செய்வோர்க்கு மற்றொரு குறிப்பும் உண்டு. பாமினி முதலிய யூனிகோடு அல்லாத எழுத்துருக்களில் உருவான ஆவணங்கள், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். ஆதலின் எழுத்துருக் கோப்புகளையும் உடன் படியெடுத்தல் நலம்.

எந்த வழி ஏற்றது?

விண்டோஸ் 11-க்கு 4 ஜிகாபைட் நினைவகமும், 64 ஜிகாபைட் சேமிப்பிடமும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும், நிறுவனத்தின் பட்டியலில் இடம்பெற்ற பிராசசரும் தேவை. 2018-க்கு முற்பட்ட மடிக்கணினிகளுள் பெரும்பாலானவை இந்நிபந்தனைகளை நிறைவேற்றுவதில்லை. நிபந்தனைகளை ஏமாற்றி நிறுவும் உபாயங்கள் இருப்பினும், அவ்வாறு நிறுவப்பட்ட கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

அத்தகைய கருவிகளுக்கு லினக்ஸ் ஏற்ற மாற்றாகும். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய முயற்சி இது. இதன் பல வடிவங்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. லினக்ஸ் மின்ட் என்னும் வடிவம் 2 ஜிகாபைட் நினைவகமும் 20 ஜிகாபைட் சேமிப்பிடமும் இருந்தாலே இயங்கும்; 4 ஜிகாபைட் நினைவகம் இருப்பின் பணி எளிதாகும். இந்திய மொழிகளைக் கருத்திற்கொண்டு சி-டாக் நிறுவனம் ‘பாஸ்’ என்னும் வடிவத்தை உருவாக்கியுள்ளது. கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளே பல ஆண்டுகளாகக் கணினிக் கல்விக்குப் பயன்பட்டு வருகிறது. இது வகுப்பறைக்கும் ஏற்றது என்பதற்கு அதுவே சான்று.

மாறுமுன் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். எண்முறைக் கையொப்பக் கருவி, அளவைக் கருவிகளின் மென்பொருள், பழைய அச்சுப்பொறி ஆகியன லினக்ஸில் இயங்குமா என முன்னரே அறிந்துகொள்ள வேண்டும். ஊதியப் பட்டியலோ அறிக்கையோ அனுப்பவேண்டிய நாளில் அவை இயங்காவிடின் இன்னல் பெரிது.

நிறுவும் முறை

இயங்குதளக் கோப்பை அதன் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொண்டு, அங்குத் தரப்பட்டுள்ள சரிபார்ப்பு எண்ணுடன் ஒப்பிட வேண்டும். பின்பு அதனை 8 ஜிகாபைட் அளவுள்ள பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணினியைத் தொடங்கலாம். வட்டில் எதனையும் மாற்றாமலே புதிய இயங்குதளத்தைச் சோதித்துப் பார்க்க இது உதவும். கம்பியில்லா இணைப்பு, ஒலி, கேமரா, தமிழ் விசைப்பலகை ஆகிய யாவும் சரியாக இயங்கினால் மட்டுமே நிறுவத் தொடங்குக. மின்சாரம் இடையில் நின்றால் பணி பாழாகும். ஆதலின் மின்கலத்தை நிரப்பி, மின் இணைப்பிலும் வைத்துக்கொள்க.

இயங்குதளம் மாறியும் கணினி மந்தமாக இருப்பின், சுழலும் தட்டுள்ள பழைய வட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்ம நிலைச் சேமிப்பகத்தைப் பொருத்தலாம். அசையும் பாகங்கள் இல்லாத அது தகவலை மிக விரைவில் எடுத்துத் தருகிறது.

இவற்றுக்கெல்லாம் இடங்கொடாத கருவியை இணையத்தோடு இணைக்காமல் தட்டச்சுப் பயிற்சி போன்ற பணிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். மின்கலம் உப்பியிருந்தாலோ முற்றிலும் பயனற்றுப் போனாலோ, வட்டிலுள்ள தகவல்களை அழித்தபின், மின்னணுக் கழிவைச் சேகரிக்கப் பதிவுபெற்ற இடத்தில் அதனை ஒப்படைத்தல் கடமையாகும். ஆயினும் நன்னிலையிலுள்ள கருவியைக் கழிக்க எழுதுமுன், ஒரு பென்டிரைவைக் கொண்டு ஒரு மணி நேரம் சோதித்துப் பார்த்தல் தக்கது. ஒரு கணினி கூடுதலாகக் கிடைத்தால், வகுப்பறையில் வரிசையில் காத்திருக்கும் மாணவர்களுக்கு அவ்வளவு நேரம் மிச்சமாகும்.