தரிசு நிலத்தில் ஆவாரை

சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் பொங்கலுக்கு முன்னாள் வீட்டு இறப்பில் காப்புக் கட்டுவதற்குப் பூளைப்பூவோடும் வேப்பிலையோடும் ஆவாரம்பூவைத் தேடாத குடியானவர் அரிது. அந்நாள் கழிந்ததும் வரப்பிலும் புறம்போக்கிலும் நிற்கும் அதே செடியைக் களையென்று வேரோடு தோண்டி எறிகிறோம். இது நஷ்டமான காரியமென்பதே நமது அபிப்பிராயம்.

ராசிபுரம், திருச்செங்கோடு, ஓமலூர்ப் பக்கத்துச் செம்மண் சரளை மேடுகளில் வேறொன்றும் நிலைக்காத இடத்திலும் ஆவாரை தானே முளைத்து வளரும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் கோடையைத் தாங்கும். கரிசலும், சற்று உவரான மண்ணும் அதற்கு ஒக்கும். நீர் தேங்கும் பள்ளமும் அடர்ந்த நிழலும் ஆகா. மாடுகள் அதைத் தின்பதில்லையாதலால் வேலியின்றியே நின்று, மழைநீர் அரித்துச் செல்லும் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். இலைக்காம்பின் அடியில் காதுமடல் போன்ற அகன்ற செதில் இருப்பதைக் கொண்டு, மஞ்சள் பூப்பூக்கும் தகரை முதலிய செடிகளிலிருந்து இதைப் பிரித்தறியலாம்.

முற்காலத்தில் சென்னை ராஜதானியின் தோல் பதனிடும் சாலைகளுக்கு ஆவாரம்பட்டையே முக்கிய சரக்கு. 100 பங்கு பட்டையில் ஏறத்தாழ 18 பங்கு துவர்ப்புச் சத்து உண்டு. 20-ம் நூற்றாண்டில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வாட்டில் பட்டை, சத்து மிகுதியால், அந்த இடத்தைப் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது. வாட்டில் ஆஸ்திரேலிய மரம். நீலகிரியில் நட்டது இன்று அங்குள்ள புல்வெளிகளை ஆக்கிரமித்து நிற்கிறது. நமது சமவெளி வெப்பத்திற்கு அது ஏற்றதன்று.

பட்டைக்குக் கிராக்கி குறைந்தாலும் தழைக்குக் குறையவில்லை. அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும் ஆவாரை வேரில் முடிச்சு உண்டாவதில்லை. ஆகவே அது நிற்பதனாலேயே நிலம் தழைச்சத்துப் பெறுமென எதிர்பார்க்கலாகாது. இளங்கிளைகளை வெட்டி வயலில் மிதித்தால்தான் பலன். நெல்லுக்கு ஏக்கருக்கு 2,500 கிலோ பசுந்தழை போதும். முற்றிய குச்சி மக்குவதற்கு நாளாகும், அதை விலக்கவேண்டும். தரைக்குச் சற்று மேலே அரிவாளால் வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும்; கடப்பாரையால் பெயர்த்தால் அத்துடன் முடிந்தது.

புதிதாக வளர்க்க விரும்புவோர் காய்ந்து பழுப்பேறிய காய்களைச் சேகரிக்கவேண்டும். விதைத்தோல் கடினமானது. பருமணலோடு தேய்த்தோ, கொதித்து இறக்கிய நீரில் ஓரிரவு ஊறவைத்தோ, ஆடி, ஆவணி மழை ஈரத்தில் நேரே விதைக்கலாம். நாற்றுவிட்டுப் பிடுங்கி நட்டால் ஆணிவேர் சேதமாகும். முதல் வருஷம் களை அண்டாமல் பார்த்துக்கொள்வது அவசியம்.

இப்போது உலர்ந்த ஆவாரம்பூ பானத்திற்கென நன்றாக விலைபோகிறது. ஏழைகளுக்கு அது வருமானந்தான். ஆயினும் மொக்கும் பூவுமாக முழுதும் பறித்துவிட்டால் காய் ஏது, விதை ஏது? செடிக்குச் சில கொத்துகளையாவது விட்டுவைக்கும்படி பறிப்பவர்களிடம் நிலக்காரர் சொல்லவேண்டும். புறம்போக்கில் சீமைக் கருவேலை இயந்திரம் வைத்து அகற்றும்போது கிராம அதிகாரிகள் முன்னதாகவே ஆவாரைப் புதர்களைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு இட்டு வைப்பார்களாயின், அச்செடிகள் தப்பும், மண்ணும் வெறுமையாகாது.