பச்சை விரிப்பில் ஒரு குட்டி டீச்சர்

வகுப்பறையின் நடுவே பச்சை விரிப்பு. சுற்றிலும் மாணவர்கள். அம்மா கொண்டுவந்து விரிப்பில் படுக்கவைக்கும் கைக்குழந்தையின் சட்டையில் 'டீச்சர்' என்று எழுதியிருக்கிறது. குழந்தை வீறிட்டு அழுதால், பசியா, தூக்கமா, பயமா என்று பிள்ளைகள்தான் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். பாடமே அதுதான்!

கனடாவின் டொரண்டோவில் 1996-ல் மேரி கார்டன் தொடங்கிய 'ரூட்ஸ் ஆஃப் எம்பதி' திட்டம் இது. அக்கம்பக்கத்துக் குடும்பம் ஒன்று, கல்வியாண்டில் 9 முறை குழந்தையோடு பள்ளிக்கு வரும். ஒவ்வொரு வருகைக்கு முன்னும் பின்னும் பயிற்சியாளர் வகுப்பெடுப்பார். ஆக மொத்தம் 27 வகுப்புகள். குழந்தை குப்புற விழுவதும் உட்காரப் பழகுவதும் பிள்ளைகளின் கண்ணெதிரே நடக்கும். பேசத் தெரியாத குழந்தையின் மனதைப் படிக்கப் பழகினால், பக்கத்து பெஞ்சில் முகம் வாடி இருப்பவனையும் கவனிக்கத் தோன்றும் அல்லவா? இத்திட்டம் நடந்த வகுப்புகளில் அடிதடி குறைந்ததை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன.

அந்த ஆய்வுகளில் ஈடுபட்ட உளவியலாளர் கிம்பர்லி ஷோனர்ட்-ரெய்கல், வான்கூவரில் நடந்த இன்னொரு சோதனையிலும் பங்கேற்றார். 19 வகுப்புகளில் படித்த 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் ஒரு பிரிவினர் வாரம் மூன்று உதவிகள் செய்ய வேண்டும். மற்றவர்கள் வாரம் மூன்று இடங்களுக்குப் போய்வர வேண்டும். சாப்பாட்டைப் பகிர்ந்ததும், வேலை அலுப்பில் இருந்த அம்மாவைக் கட்டிக்கொண்டதும் உதவிக் கணக்கில் சேர்ந்தன. 4 வாரம் கழித்துப் பார்த்தால், இரு பிரிவினருமே உற்சாகமாக இருந்தார்கள். ஆனால், யாரோடு சேர்ந்து செயல்பட விருப்பம் என்ற கேள்விக்கு வகுப்புத் தோழர்கள் தந்த பதிலில், உதவி செய்தவர்களின் மவுசுதான் கூடுதலாக ஏறியிருந்தது. 2012-ல் இந்த முடிவுகள் வெளியாயின.

நன்றிக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. 2008-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 221 மாணவர்கள் பங்கேற்றார்கள். இரண்டு வாரம் தினமும் நன்றி பாராட்ட வேண்டியவற்றை எழுதியவர்களுக்கு, அன்றாடத் தொல்லைகளைப் பட்டியலிட்டவர்களைவிடப் பள்ளிக்கூடம் பிடித்துப்போனது.

டெல்லி அரசுப் பள்ளிகளிலும் 2018 ஜூலையில் நர்சரி முதல் 8-ம் வகுப்பு வரை 'மகிழ்ச்சிப் பாடத்திட்டம்' வந்தது. தொடங்கிவைத்தவர் தலாய் லாமா. கண்மூடி அமர்தல், கதை, கலந்துரையாடல் எல்லாம் அதில் இருந்தன. பரீட்சை மட்டும் இல்லை.

நம் ஊரில் நீதிபோதனை வகுப்பு என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, அந்தப் பீரியடைக் கடன் வாங்கிக்கொண்ட கணக்கு வாத்தியார்தான். ஆசிரியர்களே, ஒரே ஒரு மாதம் அதை யாருக்கும் கடன் கொடுக்காமல், "இந்த வாரம் யாருக்கு என்ன உதவி செஞ்சீங்க?" என்று பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்களேன்!