பழைய ஜரிகைக்குள் இருக்கும் செம்பு

காஞ்சிபுரத்தில் பழைய பட்டுப்புடவை வாங்க வருபவர் புடவையின் நிறத்தையோ கிழிசலையோ பெரிதாகப் பார்ப்பதில்லை. முந்தானையைப் பிரித்து, ஓரத்தில் இருக்கும் ஜரிகையை நகத்தால் சுரண்டுகிறார். உலோகம் விலகி உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிந்தால் பேரம் தொடங்கும். வெள்ளை இழை தெரிந்தால் அது பெரும்பாலும் போலி ஜரிகை; புடவையை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

அசல் ஜரிகை என்பது தட்டையாக்கிய மெல்லிய உலோகக் கம்பியைப் பட்டிழை மேல் சுற்றி, அதற்குப் பொன்முலாம் பூசியது. பெரும்பகுதி சூரத்திலிருந்து வருகிறது. காஞ்சிபுரத்திலேயே தமிழக அரசின் ஜரிகை ஆலையும் இருக்கிறது. 1971-இல் தொடங்கிய நிறுவனம். அசல் காஞ்சிப் பட்டின் ஜரிகைக்குச் சொல்லப்படும் அளவு: வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5. நெசவாளர்கள் ஜரிகையை மார்க் கணக்கில் எடைபோடுவார்கள். ஒரு மார்க் ஏறத்தாழ 240 கிராம். அதில் வெள்ளி 96 கிராம், தங்கம் ஒரு கிராமுக்குச் சற்று மேல், செம்பு 85 கிராம்! வெள்ளியைப் பற்றி ஊரே பேசுகிறது. செம்பைப் பற்றிக் கேட்பாரில்லை. பாட்டி காலத்து ஜரிகையில் வெள்ளி இன்னும் கூடுதல், அதனால்தான் அந்தப் புடவைகளுக்கு அவ்வளவு கிராக்கி.

ஜரிகையிலிருந்து உலோகங்களைப் பிரித்தெடுக்கும் முறை பழையது. ஜரிகையை எரித்தால் பட்டு சாம்பலாகிவிடும். மிஞ்சியதை வெங்காரம் சேர்த்து மூசையில் உருக்குவார்கள். அந்தக் கட்டியை நைட்ரிக் அமிலத்தில் போட்டால் வெள்ளியும் செம்பும் கரையும், தங்கம் மட்டும் கருந்தூளாக அடியில் தங்கும். கரைசலில் ஒரு செம்புத் தகட்டை முக்கினால் வெள்ளி சாம்பல் நிறப் பஞ்சுபோல் அதன்மேல் படியத் தொடங்கும். தகட்டின் செம்பும் கரைய, ஏற்கெனவே நீலமாக இருக்கும் நீர் மேலும் அடர்நீலமாகும். அந்த நீலத்தில்தான் ஜரிகையின் செம்பு முழுதும் இருக்கிறது. பழைய இரும்புத் துண்டுகளைப் போட்டு வைத்தால் அதுவும் செஞ்சேறாகப் படிந்துவிடும். அப்படிச் செய்யாமல் சாக்கடையில் கொட்டினால் செம்பும் வீண், தண்ணீரும் நஞ்சு. அமிலத்திலிருந்து எழும் பழுப்புப் புகையோ நுரையீரலை அரிக்கும். வீட்டுக் கொல்லையில் செய்யவே கூடாத வேலை இது.

பாதுகாப்பில்லாமல் உலோகம் பிரிக்கும் இதே தவறு காயலான் கடைப் பக்கம் இன்னும் கொடுமையாக நடக்கிறது. பழைய மோட்டார், மின்விசிறி, ஒயர் இவற்றிலிருந்து செம்பு எடுக்க ஒயரைக் குவித்துக் கொளுத்திவிடுகிறார்கள். பட்டு எரிந்தால் முடி கருகும் வாடைதான். ஆனால் ஒயரின் பி.வி.சி. உறையில் குளோரின் இருக்கிறது. எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நஞ்சு பிறக்கிறது, செம்பே அந்த வினையைத் தூண்டியும்விடுகிறது. தீயில் செம்பு கருகி விலையும் குறைகிறது. முறையான ஆலைகளில் ஒயரைப் பொடியாக நறுக்கி, எடை வித்தியாசத்தால் செம்பு வேறு, பிளாஸ்டிக் வேறாகப் பிரித்துவிடுகிறார்கள். நெருப்பே தேவையில்லை.

மின்னணு ஆலைகள் நிறைந்த ஸ்ரீபெரும்புதூரும் இதே காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களே இந்தக் கழிவைக் கையாள வேண்டும். பழைய மின்சாமானை அவர்களிடமே கொடுக்கலாம். புடவையை விற்பவர்கள், எக்ஸ்ரே கருவியில் ஜரிகையைச் சோதித்து வெள்ளி, தங்கம், செம்பு மூன்றின் அளவையும் எழுதி வாங்கிக்கொண்டு அப்புறம் விலை பேசுவது நல்லது.