குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகுமா?

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பது பழமொழி. அது உண்மைதான். ஆனால் குஞ்சு மிதித்துக் குஞ்சு சாகும். தாய்க்கோழி இல்லாமல் வாங்கி வந்த இருபது குஞ்சுகளை ஓர் அட்டைப் பெட்டியில் விட்டு இரவு மூடி வைத்தவர்கள், காலையில் திறந்ததும் பெட்டியின் ஒரு மூலையில் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பார்கள். மேலே இருப்பவை எழுந்து ஓடும். அடியில் இருந்தவை மூச்சு முட்டி இறந்திருக்கும். "ஏதோ நோய் வந்துவிட்டது" என்று உடனே மருந்துக் கடைக்கு ஓடுபவர் உண்டு. அங்கே நோய் எதுவும் இல்லை. குளிர்தான் காரணம்.

வீட்டுக் கொல்லையில் பத்துக் கோழியோ, கூண்டில் ஐம்பது காடையோ வளர்க்கும் குடும்பத்துக்கு அது சிறு சேமிப்புப் போன்றது. பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் திடீர்ச் செலவுக்கும் கைகொடுப்பது பல வீடுகளில் அந்தப் பணமே. அது ஓரிரவில் போய்விடாமல் காப்பதற்கு நீங்கள் எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் வெப்பவியலே பெருமளவு போதும். எப்படி என்று காண்போம்.

சிறிய உடலும் பெரிய இழப்பும்

ஒரு பொருளின் எல்லா அளவுகளையும் இரண்டு மடங்கு ஆக்கினால் அதன் பரப்பு 4 மடங்காகும். பருமன் 8 மடங்காகும். உடல் வெப்பத்தை உண்டாக்குவது தசையும் ஈரலும், அதாவது பருமன். வெப்பத்தை இழப்பதோ தோல், அதாவது பரப்பு. எனவே உடல் சிறுக்கச் சிறுக்க ஒவ்வொரு கிராமுக்கும் உள்ள பரப்பு கூடிக்கொண்டே போகும்.

கணக்கிட்டுப் பாருங்கள். வளர்ந்த கோழி 1,600 கிராம் என்றும், அன்று பொரித்த குஞ்சு 40 கிராம் என்றும் வைத்துக்கொள்வோம். எடையில் 40 மடங்கு வேறுபாடு. 40-இன் கனமூலம் ஏறத்தாழ 3.4. ஆகவே ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று பார்த்தால், குஞ்சின் மேற்பரப்பு தாயினுடையதைப்போல் 3.4 மடங்கு. ஜப்பானியக் காடைக் குஞ்சு பொரிக்கும்போது 8 கிராம்தான் இருக்கும். நம் கட்டைவிரல் அளவு. அதற்கு இந்த விகிதம் கிட்டத்தட்ட 6 மடங்கு வருகிறது. இத்தனைக்கும் குஞ்சுக்கு இறகு கிடையாது. மெல்லிய தூவி மட்டுமே. தன் உடல் வெப்பத்தைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் திறனும் முதல் இரண்டு வாரங்களில் முழுமையாக அமைவதில்லை. வெளியிலிருந்து வெப்பம் கொடுத்தே ஆகவேண்டும். தாய்க்கோழி தன் இறக்கைக்கடியில் கொடுப்பது இதைத்தான்.

தாய் இல்லாத குஞ்சுகளுக்கு முதல் வாரம் சுமார் 35° செ. வெப்பம் தேவை. பிறகு வாரத்துக்கு 3° செ. வீதம் குறைத்துக்கொண்டே வரலாம். காடைக் குஞ்சுகளுக்கு 37° முதல் 38° செ. வரையில் தொடங்குவது நல்லது.

ஒன்பது வாட் பல்பு

நம் ஊர்களில் நெடுங்காலமாகக் கையாளும் முறை எளியது. ஓர் அடி உயரத் தகட்டையோ அட்டையையோ வட்டமாக வளைத்து நிறுத்தி, தரையில் உமியோ நிலக்கடலைத் தோலோ பரப்பி, நடுவில் மூங்கில் கூடையைக் கவிழ்த்தாற்போல் தொங்கவிட்டு, அதற்குள் குண்டு பல்பு போடுவார்கள். வட்டமாக வளைப்பதற்குக் காரணம் உண்டு: வட்டத்துக்கு மூலை இல்லை. மூலை இல்லாவிட்டால் குஞ்சுகள் குவிந்து நெரிபட இடமில்லை. குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்பது கணக்கு. இருபது குஞ்சுக்கு 40 வாட்.

இந்த இடத்தில்தான் இன்று புதிய தொல்லை ஒன்று முளைத்திருக்கிறது. கடைகளில் குண்டு பல்பு அருகிவிட்டது, எங்கும் எல்.இ.டி. பல்புதான். அதன் பெட்டியில் "60 வாட்டுக்குச் சமம்" என்று போட்டிருக்கும். அதை நம்பி ஒரு 9 வாட் பல்பைக் கூடைக்குள் மாட்டிவிட்டு, வெளிச்சம் பளீரென்று இருக்கிறதே என்று நிம்மதியாகத் தூங்கச் செல்பவர்கள் இருக்கிறார்கள். சமமாக இருப்பது வெளிச்சம் மட்டுமே. குண்டு பல்பு தான் வாங்கும் 60 வாட்டில் பெரும்பகுதியை வெப்பமாகவும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராகவுமே வெளிவிடுகிறது. வெளிச்சமாவது மிகச் சிறு பங்கு. விளக்கு என்ற முறையில் அது ஊதாரி. அந்த ஊதாரித்தனமே குஞ்சுக்கு உயிர். எல்.இ.டி. பல்பு வாங்குவதே விநாடிக்கு 9 ஜூல். அது முழுவதும் கடைசியில் வெப்பமாக மாறினாலும் இருபது குஞ்சுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு அரை வாட் கூடத் தேறாது.

குண்டு பல்பு கிடைக்காவிட்டால் குஞ்சு வளர்ப்புக்கென்றே விற்கும் அகச்சிவப்பு விளக்கையோ பீங்கான் வெப்பியையோ வாங்கலாம். இவை மிகவும் சூடாகும். கீழே உமி இருக்கிறது என்பதை மறவாமல் சங்கிலியால் உறுதியாகக் கட்டித் தொங்கவிட வேண்டும்.

மின்சாரம் நின்றுபோனால்? கரியடுப்பு வைக்கும் வழக்கம் உண்டு. மூடிய அறையில் அது கார்பன் மோனாக்சைடு வாயுவை உண்டாக்கும். குஞ்சுக்கும் ஆபத்து, அதே அறையில் படுத்திருக்கும் மனிதருக்கும் ஆபத்து. அதைவிட ஒரு மூடியுள்ள தூக்கில் 2 லிட்டர் வெந்நீர் ஊற்றிச் சாக்கில் சுற்றி நடுவில் வையுங்கள். அந்த நீர் 60°-யிலிருந்து 40°-க்கு இறங்கும்போது 168 கிலோஜூல் வெப்பத்தை விடுகிறது. சாக்கின் தடிமனைக் கொண்டு இதை இரண்டு மணி நேரத்துக்கு நீட்டித்தால் சராசரியாக 23 வாட் கிடைக்கும். நீரின் தன்வெப்பம் அதிகம் என்று பாடத்தில் படித்தது இங்கே உதவுகிறது.

இனி, வெப்பம் சரியா என்று எப்படி அறிவது? வெப்பமானி இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் குஞ்சுகளே வெப்பமானி. விளக்கின் அடியில் நெருக்கியடித்துக்கொண்டு கீச்கீச்சென்று ஓயாமல் கத்தினால் குளிர்கிறது என்று பொருள். விளக்கை விட்டு விலகித் தகட்டோரம் ஒட்டி, வாயைத் திறந்து, இறக்கையைத் தொங்கவிட்டு நின்றால் வெப்பம் மிகுதி. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. வட்டம் முழுதும் பரவி, சில தின்றுகொண்டும் சில கால்நீட்டிப் படுத்தும் இருந்தால் நீங்களும் படுக்கப் போகலாம். விளக்கை ஏற்றி இறக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: கதிர்வீச்சு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவது. இரண்டடியில் இருந்த பல்பை ஓரடிக்கு இறக்கினால் நேர்கீழே விழும் கதிர் ஏறத்தாழ நான்கு மடங்காகும்.

காடைக் குஞ்சுக்கு இன்னொரு கண்டம் உண்டு. தண்ணீர்த் தட்டில் விழுந்து எழ முடியாமல் இறந்துவிடும். எழுந்தாலும் நனைந்த தூவி வெப்பத்தைக் காக்காது. முதல் வாரம் தட்டில் கூழாங்கற்களை நிரப்பிவிட்டால் இடையிலுள்ள நீரைக் குடிக்கும், மூழ்காது.

சித்திரை வெயில்

குஞ்சுக்குக் குளிர் எமன் என்றால் வளர்ந்த கோழிக்குக் கோடை எமன். இங்கே கணக்குத் தலைகீழாகிறது. முட்டையிடும் பண்ணைக் கோழி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 100 கிராம் தீவனம் தின்கிறது. அதிலிருந்து ஏறத்தாழ 260 கிலோகலோரி ஆற்றல் பெறுகிறது. முட்டைக்குள் 80 போய்விட்டால், மீதி 180 கிலோகலோரி வெப்பமாக வெளியேற வேண்டும். இதை 24 மணி நேரத்துக்கு வகுத்தால் ஏறத்தாழ 9 வாட். மேலே சொன்ன எல்.இ.டி. பல்பின் அளவேதான்! ஒவ்வொரு கோழியும் அணைக்க முடியாத ஒரு 9 வாட் வெப்பி.

கோழியின் உடல் வெப்பநிலை 41° செ.-ஐ ஒட்டியது. சூழல் 25° செ. இருக்கும்போது வெப்பம் தானாகவே வெளியே பாயும். கொண்டையிலும் தாடையிலும் இரத்தம் ஓடி வெப்பத்தைக் காற்றுக்கு விடும். கழுத்தில் இறகில்லாத நாட்டுக்கோழி வகை கோடையை நன்கு தாங்குவதும் இதனால்தான். வேலூரிலும் திருச்சியிலும் மே மாதத்தில் 40° தொடும்போது என்ன ஆகும்? உடலுக்கும் காற்றுக்கும் வேறுபாடே இல்லை; வெப்பம் பாய வழியில்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பியும் கிடையாது. மிஞ்சிய ஒரே வழி, வாயைத் திறந்து மூச்சிரைத்து நீரை ஆவியாக்குவது. ஒரு கிராம் நீர் ஆவியாக 2.4 கிலோஜூல் எடுத்துக்கொள்ளும். ஒரு நாளின் வெப்பம் முழுவதையும் இப்படியே போக்குவதானால் 300 கிராமுக்கு மேல் நீர் வேண்டும். நண்பகலில் தண்ணீர்ச் சட்டி காய்ந்து கிடப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்று இப்போது தெரிகிறதல்லவா? சட்டி நிழலில், மண்சட்டியாக இருக்கட்டும்.

மூச்சிரைப்பதற்கு விலையும் உண்டு. கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறுவதால் ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைந்து, தோல்முட்டையும் மெல்லிய ஓடும் உண்டாகின்றன. 1980-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் கோழிகளுக்குச் சோடாத் தண்ணீர் கொடுத்தே சோதித்துப் பார்த்தார்கள் என்றால் நம்புவீர்களா? நமக்கு அது வேண்டாம். தகரக் கூரையின்மேல் சுண்ணாம்பு அடித்துத் தென்னங்கீற்று பரப்பலாம். செரிமானமும் வெப்பம் உண்டாக்குவதால் தீவனத்தை விடியற்காலையிலும் மாலையிலும் மட்டும் வைக்கலாம். ஈரச் சாக்கைப் பக்கவாட்டில் தொங்கவிடுவதும் நல்லதே. ஆனால் காற்றோட்டம் இருந்தால்தான். அடைபட்ட கொட்டிலில் ஈரச் சாக்கு காற்றின் ஈரப்பதத்தைக் கூட்டும். கோழியின் நீர் ஆவியாகும் கடைசி வழியையும் அடைத்துவிடும்.

ஈரமும் இரத்தக் கழிச்சலும்

கூளத்தில் ஒரு கைப்பிடி எடுத்து அழுத்திப் பாருங்கள். கையை விரித்ததும் உதிர்ந்தால் சரி. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுதி. எய்மீரியா என்ற ஒற்றைச் செல் உயிரி, எச்சத்தோடு வெளியேறும் தன் முட்டைக்கூடுகளை இரண்டொரு நாளில் நோய் தரும் நிலைக்குக் கொண்டுவர ஈரமும் வெதுவெதுப்பும் காற்றும் தேவை. ஈரத்தைப் போக்கினால் அதன் கதை பாதி முடிந்தது. குஞ்சுகள் சுருண்டு உட்கார்ந்து எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அன்றே கால்நடை மருத்துவரிடம் செல்லுங்கள். இதற்கு நீரில் கலந்து கொடுக்கும் மருந்து உண்டு. ஈரக் கூளம் அம்மோனியாவையும் கிளப்பும். நின்றுகொண்டு முகர்ந்தால் போதாது. குஞ்சின் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குனிந்து முகர வேண்டும். கண் எரிந்தால் கூளத்தைக் கிளறி மாற்றுங்கள்.

ஒன்றையொன்று கொத்திப் புண்ணாக்கினால் இட நெருக்கடி, அதிக வெளிச்சம் இரண்டையும் முதலில் பாருங்கள். செள்ளுக்குச் சாம்பலும் மணலும் கலந்த புழுதிக் குழி நல்லது. அம்மை கொசுவாலும் பரவுவது.

ஐஸ் போட்ட குடுவை

வெப்பத்தைச் சரிசெய்து தீர்க்க முடியாத நோய் ஒன்று உண்டு. கிராமத்தில் வெள்ளைக் கழிச்சல் என்பது. ராணிக்கெட் நோய் என்பதும் அதுவே. 1926-இல் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தில் நியூகாசில் நகரிலும் கண்டறியப்பட்டு, ஏறத்தாழ அதே காலத்தில் குமாவுன் மலையிலுள்ள ராணிக்கெட் என்னும் ஊரிலும் தோன்றியதால் இந்தியாவில் அந்த ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டது. பச்சையும் வெள்ளையுமான கழிச்சல், திணறும் மூச்சு, முறுக்கிய கழுத்து. வந்துவிட்டால் மருந்தில்லை, தெரு முழுதும் காலியாகும். காடைகள் இதை ஓரளவு எதிர்த்து நிற்பவை. என்றாலும் கோழியையும் காடையையும் ஒரே கொட்டிலில் அடைப்பது புத்திசாலித்தனம் அன்று.

தடுப்பு மருந்து உண்டு. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு; எட்டாவது வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் ஊசி. இந்த மருந்தில் இருப்பது வலுக்குறைந்த, ஆனால் உயிருள்ள வைரஸ். 2°-க்கும் 8°-க்கும் இடையில் வைத்தால் பிழைக்கும். சட்டைப் பையில் போட்டு மதிய வெயிலில் பேருந்தில் கொண்டுவந்தால் வழியிலேயே செத்துவிடும். "ஊசி போட்டும் கோழி செத்ததே" என்று சொல்வோரின் மருந்து, பல சமயம் போடும்போதே செத்த மருந்து. வாயகன்ற வெந்நீர்க் குடுவையில் அரைக் கிலோ ஐஸ் போட்டு, மருந்துக் குப்பியைச் சிறு பாலிதீன் பையிலிட்டு அதற்குள் வையுங்கள். ஒரு கிராம் ஐஸ் உருக 334 ஜூல் வேண்டும். அரைக் கிலோ உருகி முடிய 167 கிலோஜூல் உள்ளே நுழைந்தாக வேண்டும். அதுவரை உள்ளே வெப்பநிலை 0°-ஐ ஒட்டியே நிற்கும். நல்ல குடுவையானால் கால்நடை மருந்தகத்திலிருந்து வீடுவரைக்கும் தாராளமாகத் தாங்கும்.

வீட்டில் கரைத்த மருந்தை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். அதனால் குப்பியைத் திறக்குமுன் பக்கத்து வீட்டுக் கோழிகளையும் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு குப்பியில் நூறு கோழிக்கோ அதற்கு மேலோ மருந்து இருக்கும். இரவில், கோழிகள் அடைந்த பிறகு பிடிப்பது எளிது.