புகைப்படமும் நமது சரக்கும்

சரக்கைக் கையால் தொட்டுப் பார்த்து விலை பேசும் வழக்கத்தோடு, படத்தைப் பார்த்து வாங்கும் வழக்கமும் இன்று சேர்ந்துவிட்டது. ஆரணிப் பட்டாயினும், ஜவ்வாது மலைச் சாமையாயினும், தொலைவிலுள்ளோர் முதலில் காண்பது கைப்பேசித் திரையில் வரும் புகைப்படத்தையே. ஆகவே, கணக்குப் புத்தகங்களைப் போலவே புகைப்படங்களையும் சங்கங்கள் ஒழுங்காகப் பேணுதல் வேண்டும் என்பது நமது கருத்து.

இதற்கு வழிகாட்டி ஜவ்வாது மலையிலேயே உள்ளது. காவலூரிலுள்ள வைணு பாப்பு வானாய்வகத்தில் 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். கணிதமேதை இராமானுஜனின் பெயரை அது தாங்கியுள்ளது. வெவ்வேறு நேரங்களில் எடுத்த படங்களை ஒப்பிட்டு, விண்மீன்களிடையே இடம் மாறிய புள்ளியைக் காண்பதே சிறுகோள் தேடும் முறை. எந்தப் படம் எப்பொழுது எடுத்தது என்ற குறிப்பு இல்லையேல் அத்தனை உழைப்பும் வீண். வானியலார் பயன்படுத்தும் 'ஃபிட்ஸ்' என்னும் கோப்பு முறையில் படத்துடனேயே நாள், நேரம், கருவி ஆகிய விவரங்களும் பதிந்திருக்கும்.

நாமும் அவ்வாறே செய்யலாம். படக் கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள், சரக்கு, ஊர் என்ற வரிசையில் எழுதினால், கணினியில் அவை கால வரிசைப்படி தாமே நிற்கும். படங்களை வகைப்படுத்த 'டிஜிகேம்', திருத்த 'டார்க்டேபிள்' ஆகிய மென்பொருள்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. டார்க்டேபிள் மூலப்படத்தைத் தொடுவதில்லை. திருத்தங்களைத் தனியே குறித்து வைக்கிறது. மூலப்படத்தின் பிரதி ஒன்றை வேறொரு வட்டிலும் வைத்தல் நலம்.

அடுத்தது திருத்தம். வானியலார் சீரான ஒளியுள்ள பரப்பு ஒன்றையும் படமெடுத்து, அதைக் கொண்டு கருவியின் குறைகளைக் களைகின்றனர். அவர்கள் நீக்குவது கருவியின் பிழையை. விண்மீனுக்கு இல்லாத ஒளியைச் சேர்ப்பதில்லை. சேலையைப் படமெடுக்கையில் அருகில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, மென்பொருளில் அத்தாள் வெண்மையாகத் தெரியுமாறு சரிசெய்தால், சேலையின் நிறமும் பெரும்பாலும் உள்ளபடி அமையும். அதற்கு மேல் நிறத்தைக் கூட்டுவது தகாது. படத்தில் செக்கச்செவேலென்று கண்டு வாங்கியவர், மங்கிய சேலையைக் கண்டால் திருப்பி அனுப்புவார். அந்த நஷ்டம் நெய்தவரோடு நில்லாது. சங்கத்தின் நல்ல பெயரையும் கெடுக்கும்.

இறுதியாக, வெளியே அனுப்புதல். 'ஜேபெக்' படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் அதன் தரம் குறையும். ஆதலால் ஒவ்வொரு தேவைக்கும் மூலத்திலிருந்தே புதிய பிரதி எடுக்க வேண்டும். இணையத்திற்குச் சிறிய பிரதியும், அச்சுக்குப் பெரிய பிரதியும் ஏற்றவை. கைப்பேசிச் செய்திகளில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ஆவணமாக அனுப்புவதே சிறந்தது.

ஒவ்வொரு சங்கமும் இளைஞர் இருவரை இப்பணியில் பயிற்றுவிக்கலாம். ஒருவர் எடுத்த படத்தை மற்றவர் சரக்கோடு ஒப்பிட்டுப் பார்த்து ஒப்பமிட்ட பின்னரே வெளியே அனுப்புவது என்னும் விதியையும் நிர்வாகக் குழுவினர் ஏற்படுத்துவார்களாக. எடைக்கல்லைச் சோதிப்பது போன்றதே இதுவும்.